கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்குத் தாவரப் பூச்சு: பொருள் தேர்விலிருந்து வார்ப்பு வரை

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் பழைய வீடுகளின் சன்ஷேடுகளை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் சேதம் எப்போதும் ஒரே வரிசையில் நடந்திருப்பதைக் காணலாம். முதலில் கம்பியின் போக்கிலேயே ஒரு விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு பெயர்ந்து விழுந்த கான்கிரீட், கடைசியில் பாதியாக மெலிந்த கம்பி. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த நெருக்குதலைத் தாங்கும் இழுவலிமை கான்கிரீட்டுக்கு இல்லை. இதைத் தடுக்கக் கம்பியின்மேல் எபாக்சி (இறுக்கி கலந்ததும் கெட்டிப்படும் செயற்கைப் பிசின்), சிமென்ட்-பாலிமர் கலவை, துத்தநாகம் ஆகியவற்றைப் பூசும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அந்தப் பூச்சைத் தாவர எண்ணெய், மரப்பிசின், பட்டைச் சாறு ஆகியவற்றிலிருந்து செய்ய முடியுமா என்ற ஆய்வு இப்போது பல நாடுகளில் நடந்துவருகிறது.

அந்த முயற்சிகளில் வேலைத்தளம் வரை வரத்தக்கது எது, அதை எப்படிச் சோதிப்பது, எப்படிப் பூசுவது, பூசிய கம்பியை எப்படிக் கையாண்டு வார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம். ஒரு பொருள் தாவரத்திலிருந்து வந்தது என்பது மட்டுமே அதற்குச் சாதகமான சான்று ஆகாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கடுங்காரத்தில் அது பல பத்தாண்டுகள் நிற்குமா என்பதுதான் கேள்வி. பொதுவாகச் சொல்லப்படும் தாவரப் பொருள்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியிலேயே தோற்றுவிடுகின்றன.

முதல் படி: எந்தக் கேட்டிலிருந்து கம்பியைக் காக்கிறோம் என்பதைத் தெளிவாக்குதல்

நல்ல கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் நீரின் பிஎச் அளவு 12.5 முதல் 13.5 வரை இருக்கும். அந்தக் காரத்தில் இரும்பின் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஓர் ஆக்சைடு படலம் தானாக உருவாகி, துருவைத் தடுத்துவிடுகிறது. அதாவது, கம்பிக்கு முதல் பூச்சை இடுவது கான்கிரீட்டேதான். இந்தப் படலம் இரண்டு வழிகளில் அழிகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே புகுந்து காரத்தைக் குறைத்து, பிஎச் அளவை 9-க்கும் கீழே கொண்டுவருவது ஒன்று. குளோரைடு உப்பு உள்ளே ஊறி, காரம் குறையாமலேயே படலத்தை ஆங்காங்கே துளைப்பது மற்றொன்று. முன்னது கம்பி முழுவதையும் சீராக அரிக்கும். பின்னது குழிகுழியாக அரிக்கும். குழி அரிப்பில் வெளியே பெரிதாக விரிசல் தெரிவதற்கு முன்பே கம்பி ஓரிடத்தில் அறுந்துபோகும் நிலைக்கு வந்துவிடலாம்.

பழுது பார்க்கும் கட்டடமாக இருந்தால், எந்தக் கேடு நடந்திருக்கிறது என்பதை அரைமணி நேரத்தில் ஓரளவு அறியலாம். கான்கிரீட்டைப் புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி ரோஜா நிறமாக மாறும். காரம் இழந்த பகுதி நிறமின்றி இருக்கும். நிறமற்ற பகுதி கம்பியின் ஆழத்தை எட்டியிருந்தால் கரியமில வாயுவின் பாதிப்பு நடந்திருக்கிறது. ரோஜா நிறம் கம்பி வரை இருந்தும் கம்பி துருத்திருந்தால் குளோரைடைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்போது கான்கிரீட் தூளை ஆய்வகத்துக்கு அனுப்பி உப்பளவு பார்ப்பது அவசியம். குளோரைடு ஏற்கெனவே ஊறிவிட்ட பழைய கான்கிரீட்டை அப்படியே விட்டுவிட்டு, வெளியே தெரியும் கம்பிக்கு மட்டும் எந்தப் பூச்சைப் பூசினாலும் சேதம் பக்கத்து இடத்துக்கு நகருமே தவிர நிற்காது.

இரண்டாம் படி: பூச்சுக்கு முன்னால் கான்கிரீட்டைச் சரிசெய்தல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல விரும்புபவர்களே அதிகம் என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். பூச்சு இரண்டாவது அரண்; முதல் அரண், கம்பிக்கு வெளியே இருக்கும் அடர்த்தியான கான்கிரீட். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 456:2000, கடலோரச் சூழலைக் கடுமையான சூழலாகவும், கடல்நீர்த் தெறிப்பு படும் பகுதியை மிகக் கடுமையானதாகவும், அலை ஏறி இறங்கும் பகுதியை அதிதீவிரமானதாகவும் வகைப்படுத்துகிறது. இவற்றுக்குக் கம்பியின்மேல் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன், முறையே 45, 50, 75 மி.மீ. ஆகும். கான்கிரீட்டின் தரம் முறையே எம்30, எம்35, எம்40-க்குக் குறையக் கூடாது. நீர்-சிமென்ட் விகிதம் முதல் இரண்டுக்கும் 0.45-ஐயும், மூன்றாவதற்கு 0.40-ஐயும் தாண்டக் கூடாது. கலவையில் சேரும் மொத்தக் குளோரைடு, கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் இந்த எல்லையைத் தாண்டிவிடுவதால், நீரைச் சோதிக்காமல் வேலை தொடங்குவது தவறு.

கவர் பிளாக் வைக்காமல், ஜல்லியைக் கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுத்து சிலாப் போடும் இடத்தில் பூச்சைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்டோ இரும்பாலைக் கசடு கலந்த சிமென்டோ பயன்படுத்தினால் உப்பு ஊடுருவும் வேகம் கணிசமாகக் குறையும். ஆனால் அதற்கு நீராற்றுதல் (கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் கியூரிங்) கூடுதல் நாள் வேண்டும். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள் என்றால், இவற்றுக்கு குறைந்தது 10 நாள்.

மூன்றாம் படி: தாவரப் பொருளைத் தேர்ந்தெடுத்தல்

இனி வருவதுதான் இந்த வழிகாட்டியின் மையம். தாவரப் பொருள்களை வேதியியல் குணத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தால் எது நிற்கும், எது நிற்காது என்பது பெரும்பாலும் பூசுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

உலரும் எண்ணெய்களை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆளி விதை எண்ணெய் போன்றவை காற்றில் கெட்டிப்பட்டு அழகான படலம் ஆகும். மரத்துக்கும் வெளிப்புற இரும்புக்கும் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டவை. ஆனால் அந்தப் படலம் கொழுப்பமிலமும் கிளிசராலும் எஸ்டர் பிணைப்பால் இணைந்த ஒன்று. எண்ணெயோடு காரத்தைச் சேர்த்தால் சோப்பு ஆகும் என்பது நாம் அறிந்ததே. கான்கிரீட்டுக்குள் அதே வினை மெல்ல நடக்கும். புதிய சிமென்ட் பூச்சின்மேல் எண்ணெய் வண்ணம் அடித்தால் பிசுபிசுத்து உரிந்துவிடும் என்பதைப் பெயின்டர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். சுவரில் நடப்பதே கம்பியிலும் நடக்கும். ஆகவே எண்ணெயை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட பூச்சையும், எண்ணெய் கலந்த சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமரையும் கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிக்குப் பயன்படுத்தக் கூடாது. வேலைத்தளங்களில் ரெட் ஆக்சைடு அடித்த கம்பியைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. நல்ல எண்ணத்தில் செய்யப்படும் அந்த வேலை கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே வழுக்கும் ஓர் ஏட்டைத்தான் உருவாக்குகிறது.

அடுத்தது மரப்பிசின்கள். நைஜீரியாவில் மா, முருங்கை உள்ளிட்ட மரங்களின் கசிவுகளை வெவ்வேறு தடிமனில் கம்பியில் பூசி, கான்கிரீட்டில் வார்த்து, உப்புநீரில் வைத்து அரிப்பையும் பிடிப்பையும் அளந்த ஆய்வுகள் பல வெளியாகியுள்ளன. ஆர்வமூட்டும் முயற்சிகளே. ஆயினும் மரத்திலிருந்து வடியும் எல்லாவற்றையும் நாம் பிசின் என்ற ஒரே சொல்லால் குறிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வேலம்பிசினும் முருங்கைப் பிசினும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனவை. நீரில் கரையும் அல்லது ஊறி உப்பும். ஈரமான கான்கிரீட்டுக்குள் இவை தடுப்புச் சுவராக நிற்க வழியில்லை. குங்கிலியமும் ஊசியிலை மரப்பிசினும் வேறு இனம், நீரில் கரையாதவை. ஆனால் ஊசியிலை மரப்பிசின் பெரும்பாலும் அமிலம் என்பதால் காரத்தில் சோப்பாகிவிடும். குங்கிலியப் படலம் எளிதில் நொறுங்கும், கம்பி சற்று வளைந்தாலே வெடிக்கும்.

மூன்றாவது, டானின் எனும் துவர்ப்பொருள். கடுக்காய், ஆவாரம்பட்டை, வாட்டில் மரப்பட்டை ஆகியவற்றில் இது மிகுதி. இரும்புத் துருவோடு சேர்ந்து கருநீல நிறச் சேர்மம் ஆகும். பழைய காலத்துக் கடுக்காய் மையின் வேதியியல் இதுதான். துருவை மாற்றும் கரைசல்கள் பலவற்றில் டானிக் அமிலம் இருப்பதும் இதனால்தான். வெளிப்புற இரும்பில் இதற்குப் பயன் உண்டு. ஆனால் 13-ஐ நெருங்கும் பிஎச்சில் அந்தச் சேர்மம் நிலையானதல்ல. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய நம் பழைய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றில் காக்க வேண்டிய கம்பி இல்லை. அங்கே கடுக்காய் சுண்ணாம்புக்காகச் சேர்க்கப்பட்டது. போர்ட்லாந்து சிமென்டில் சர்க்கரையும் துவர்ப்பும் கலந்தால் இறுகுவதே தாமதப்படும். அளவு கூடினால் நாள்கணக்கில் இறுகாமல் கிடக்கும். இலைச் சாறுகளை அரிப்புத் தடுப்பானாகப் பரிந்துரைக்கும் ஆய்வுகளைப் படிக்கும்போதும், சோதனை எந்தக் கரைசலில் நடந்தது என்று பாருங்கள். மிகப் பல ஆய்வுகள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நடந்தவை. அமிலத்தில் இரும்பைக் காத்தது காரத்தில் காக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

இவை எல்லாவற்றையும் தள்ளிய பிறகு, என் கணிப்பில் உறுதியாக எஞ்சுவது முந்திரி ஓட்டு எண்ணெய்தான். பண்ருட்டிப் பகுதியிலும் கொல்லத்திலும் பருப்பை எடுத்தபின் மிஞ்சும் ஓட்டிலிருந்து கிடைக்கும் இந்தக் கரும்பழுப்பு எண்ணெயை, மேற்குக் கடற்கரை மீனவர்கள் படகு மரத்தில் பூசிவந்தார்கள். பெயரில்தான் இது எண்ணெய். கொழுப்பு எண்ணெய்களைப் போல எஸ்டர் அல்ல, பீனால் இனம். பச்சை எண்ணெயில் அனகார்டிக் அமிலமே பெரும்பங்கு. சூடாக்கும்போது அது கரியமில வாயுவை இழந்து கார்டனால் என்ற பீனாலாக மாறுகிறது. கார்டனாலில் பீனால் வளையத்தோடு 15 கார்பன் நீளமுள்ள ஒரு வால் ஒட்டியிருக்கிறது. வளையம் ஒட்டும் தன்மையையும் வேதி உறுதியையும் தருகிறது. வால் நீரை விலக்கி, படலத்துக்கு நெகிழ்வைத் தருகிறது. சோப்பாக மாறுவதற்கு இதில் எஸ்டர் பிணைப்பு இல்லை.

ஆயினும் இந்த எண்ணெயை அப்படியே கம்பியில் தேய்க்கக் கூடாது. பச்சை எண்ணெயில் இருக்கும் அமிலம் காரத்தோடு வினைபுரியும்; கெட்டிப்படாத கார்டனாலும் கடுங்காரத்தில் ஓரளவு கரையத் தொடங்கும். அது வேறொன்றோடு இறுகப் பின்னிப்பிணைந்து திடமாக வேண்டும். இதற்குத் தொழில்துறையில் நன்கு நிலைபெற்ற வழி ஒன்று இருக்கிறது. கார்டனாலையும் ஃபார்மால்டிஹைடையும் ஓர் அமீனையும் வினைபுரியச் செய்தால் ஃபீனால்கமைன் என்ற இறுக்கி கிடைக்கும். இதை எபாக்சி பிசினோடு கலந்தால் அறை வெப்பத்திலேயே இறுகும், சற்று ஈரமான பரப்பிலும் ஒட்டும். கப்பல் பூச்சுகளில் இது பரவலாகப் பயன்படுகிறது. கார்டனாலிலிருந்தே செய்த எபாக்சி பிசின்களும் சந்தையில் கிடைக்கின்றன. நேர்மையாகச் சொன்னால், வழக்கமான எபாக்சியை இந்த இறுக்கியோடு சேர்க்கும்போது படலத்தில் ஒரு பகுதி மட்டுமே தாவரத்திலிருந்து வந்தது. மீதி பெட்ரோலியத்தின் பங்கு. முழுமையாகத் தாவரப் பூச்சு என்ற பெயருக்காக நீடிப்பை விட்டுக்கொடுப்பதைவிட, இந்தக் கலப்பை ஏற்பதே சரி. இருபது ஆண்டில் இடித்துவிட்டு மறுபடி கட்டும் சிமென்டும் கம்பியும் சூழலுக்குத் தரும் சுமை பூச்சின் சுமையைவிடப் பல மடங்கு பெரிது.

நான்காம் படி: பூசுவதற்கு முன் சோதனை

வாங்கிய பொருளின் தரவுத்தாளை மட்டும் நம்பாமல், உங்கள் கம்பியில், உங்கள் ஆட்கள் பூசிய பூச்சைச் சோதியுங்கள். ஓரடி நீளமுள்ள பத்துப் பன்னிரண்டு துண்டுகள் போதும்.

முதல் சோதனை காரத் தாங்குதிறன். எபாக்சி பூசிய கம்பிகளுக்கான அமெரிக்கத் தரநிர்ணயமான ஏஎஸ்டிஎம் ஏ775, பூசிய துண்டுகளை வாலைவடிநீர், கால்சியம் குளோரைடு கரைசல், காஸ்டிக் சோடா கரைசல், தெளிந்த சுண்ணாம்பு நீர் ஆகிய நான்கிலும் 45 நாள் ஊறவைத்துப் பார்க்கச் சொல்கிறது. தாவரப் பூச்சுக்கும் இதே அளவுகோலை வையுங்கள். சில துண்டுகளில் வேண்டுமென்றே 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு துளை இட்டு ஊறவிடுங்கள். சேதமில்லாத பூச்சு நிற்பதைவிட, சேதமான இடத்தைச் சுற்றி எவ்வளவு உரிகிறது என்பதே உண்மையைச் சொல்லும். கொப்புளம், மென்மையாதல், நீர் பழுப்பாக மாறுதல், கையால் தொட்டால் சோப்பு போன்ற வழுவழுப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அந்தப் பொருளைத் தள்ளிவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டில் ஆளி விதை எண்ணெய் பூசி அதே சுண்ணாம்பு நீரில் வையுங்கள். வேறுபாட்டை விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

இரண்டாவது சோதனை பிடிப்பு. எந்தப் பூச்சும் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலான உராய்வையும் ஒட்டுதலையும் குறைக்கும். மீதிப் பிடிப்பைத் தருபவை கம்பியின்மேல் புடைத்திருக்கும் வரிகள். ஐஎஸ் 2770 முறைப்படி கான்கிரீட்டிலிருந்து கம்பியை இழுத்துப் பார்க்கும் சோதனையைப் பூசியதற்கும் பூசாததற்கும் சேர்த்தே செய்யுங்கள். எபாக்சி பூசிய கம்பிகளுக்கு அமெரிக்கக் கான்கிரீட் விதிமுறையான ஏசிஐ 318, பதிப்பு நீளத்தை (கம்பி கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டிய நீளத்தை) 1.2 மடங்காகவும், கவரோ இடைவெளியோ குறைவாக இருந்தால் 1.5 மடங்காகவும் கூட்டச் சொல்கிறது. தாவரப் பூச்சுக்கென்று தனி எண் கிடையாததால், இதே பெருக்கத்தை வடிவமைப்பாளர் எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. வடிவமைப்பாளரிடம் சொல்லாமல் தளத்தில் பூச்சைச் சேர்ப்பது எந்த நிலையிலும் கூடாது.

மூன்றாவது, உண்மையான அரிப்புச் சோதனை. இதில்தான் பலர் வழிதவறுகிறார்கள். கான்கிரீட்டின் மேலிருந்தே கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் அரைமின்கல அளவீட்டில், செப்பு-செப்பு சல்பேட் மின்முனையை ஒப்பிட்டு மைனஸ் 200 மில்லிவோல்ட்டைவிட நேர்ப்பக்கம் இருந்தால் அரிப்பில்லை என்றும், மைனஸ் 350-ஐவிட எதிர்ப்பக்கம் இருந்தால் அரிப்பு நடக்கிறது என்றும் 90 விழுக்காடு நிகழ்தகவோடு சொல்லும் ஏஎஸ்டிஎம் சி876 முறை, பூச்சில்லாத கம்பிக்கு மட்டுமே உரியது. அதன் தலைப்பிலேயே அது குறிக்கப்பட்டிருக்கிறது. மின்சாரத்தைத் தடுக்கும் படலத்துக்குப் பின்னால் இருக்கும் கம்பியை இதால் அளந்து, நல்ல எண் வந்தது என்பதற்காகப் பூச்சு காப்பாற்றிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. தாவரப் பூச்சு ஆய்வுகள் பலவும் இந்த அளவீட்டைச் சார்ந்திருப்பதால், அவற்றின் முடிவுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக ஏஎஸ்டிஎம் ஜி109 முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 280 மி.மீ. நீளம், 150 மி.மீ. உயரம், 115 மி.மீ. அகலம் உள்ள சிறு பீமில் மேலே ஒரு கம்பி, கீழே இரண்டு கம்பி. மேல் கம்பியும் கீழ்க் கம்பிகளும் 100 ஓம் மின்தடையால் இணைக்கப்படும். மேலே கட்டிய சிறு தொட்டியில் 3 விழுக்காடு உப்புநீர் இரண்டு வாரம், பிறகு இரண்டு வாரம் உலர்வு என்று மாறிமாறி வைத்து, தடையின் குறுக்கே மின்னழுத்தத்தை ஒரு மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 1 மில்லிவோல்ட் என்றால் 10 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது. அதுதான் அரிப்பு தொடங்கியதன் எல்லைக்குறி. சோதனை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஓடும். முடிவில் பீமை உடைத்துக் கம்பியைக் கண்ணால் பார்ப்பதை மட்டும் ஒருபோதும் தவிர்க்காதீர்கள். பொறுமை குறைவாக இருக்கும் திட்டத்தில் சிறு உருளைகளில் கம்பியை நட்டு, உப்புநீரில் நனைத்தும் உலர்த்தியும் சில மாதத்தில் உடைத்துப் பார்க்கலாம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இத்துறையில் நீண்ட அனுபவம் கொண்டது. மண்டபத்தில் கடல்சூழலுக்கென்றே அதன் கள நிலையம் இருக்கிறது. பெரிய வேலையாக இருந்தால் அத்தகைய நிறுவனத்தின் சோதனையை நாடுவதே முறை.

ஐந்தாம் படி: கம்பியைத் தயார்செய்தல்

பூச்சு தோற்கும் வேலைகளில் பெரும்பாலானவை இந்தப் படியில்தான் தோற்கின்றன. கம்பியின்மேல் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பானால் துடைத்தெடுங்கள். கடலோரத்தில் அடுக்கி வைத்திருந்த கம்பியில் உப்பு படிந்திருக்கும். அதை நல்ல நீரால் கழுவி உலர்த்திய பிறகே அடுத்த வேலை. உப்பைக் கழுவாமல் துருவை மட்டும் உரசினால் உப்பு குழிகளுக்குள் இன்னும் ஆழமாகப் போய்ச் சேரும்.

அடுத்து, உருட்டாலையிலிருந்து வரும் கருஞ்சாம்பல் செதிலையும் துருவையும் எஃகுத் துகள் வீச்சால் எஸ்ஏ 2½ தரத்துக்கு, அதாவது ஏறத்தாழ வெள்ளை உலோகமாகத் தெரியும்வரை நீக்க வேண்டும். ஆற்று மணலை வீசுவது தொழிலாளியின் நுரையீரலில் சிலிக்காவை இறக்கும். எஃகுத் துகளோ தாமிரக் கசடோ பயன்படுத்துங்கள், முகக்கவசம் இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள். கம்பி பிரஷால் தேய்ப்பது வீச்சுக்கு ஈடாகாது. வரிகளின் அடிப்பகுதியில் துரு தங்கிவிடும். சிமென்ட்-பாலிமர் பூச்சில் சென்னை ஐஐடி செய்த ஆய்வு, துருவைச் சரியாக நீக்காமல் பூசிய கம்பியில் பாதுகாப்பு வெகுவாகக் குறைவதைக் காட்டியது. தாவரப் பூச்சுக்கு அது இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்று கருதுகிறேன்.

கம்பியை வெட்டி, வளைத்து, ரிங் மடித்து முடித்த பிறகே துகள் வீச்சும் பூச்சும் நடக்க வேண்டும். பூசிய பின் வளைத்தால் வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்புகள் விழும். அவை கண்ணுக்குத் தெரியாது. தூய்மையாக்கிய கம்பியைத் தமிழகக் கடலோர ஈரக்காற்றில் விட்டால் சில மணி நேரத்திலேயே செம்மை படரும். மூன்று மணி நேரத்துக்குள் முதல் பூச்சு ஏறிவிட வேண்டும். கம்பியின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கட்டும். அதிகாலையில் பனித்த கம்பியிலும், மழை ஓய்ந்த உடனேயும் பூச வேண்டாம்.

ஆறாம் படி: பூசுதல்

முந்திரி ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். உடைப்பு ஆலைகளில் பெண்கள் ஆமணக்கு எண்ணெயும் சாம்பலும் தடவிக்கொண்டு வேலை செய்வது இதற்காகத்தான். அப்படியும் விரல்கள் கறுத்து வெந்திருப்பதைக் காணலாம். சுத்திகரித்த கார்டனால் அத்தனை கடுமையானதல்ல என்றாலும், அமீன் இறுக்கி ஒவ்வாமையை உண்டாக்கும். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, காற்றோட்டம் ஆகிய நான்கும் கட்டாயம். தாவரப் பொருள்தானே என்று ஆட்களிடம் சொல்லி அசட்டையை வளர்க்காதீர்கள்.

பிசினையும் இறுக்கியையும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில், எடை பார்த்து, இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். கண்ணளவில் ஊற்றுவது இங்கே செல்லாது. இறுக்கி குறைந்தால் படலம் முழுமையாகப் பின்னாமல் காரத்தில் இளகும். நம் ஊர்க் கோடையில் கலவை வேகமாகக் கெட்டியாகும் என்பதால் அரை மணி நேரத்தில் தீரும் அளவே கலக்கவும். கெட்டியாகத் தொடங்கியதில் தின்னர் ஊற்றி நீட்டித்துப் பூசினால் படலத்தில் நுண்துளைகள் நிற்கும்.

ஒரே கனமான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் நல்லவை; ஒன்றின் துளையை மற்றொன்று மூடும். இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் வைத்தால் விட்டுப்போன இடம் உடனே தெரியும். மொத்த உலர்தடிமன் 200 முதல் 250 மைக்ரான் வரை இருக்கட்டும். ஐஎஸ் 13620-இன் 1993 பதிப்பு, எபாக்சி பூச்சுக்கு 100 முதல் 300 மைக்ரான் எல்லையைச் சொன்னது. அதற்கு மேல் போனால் வரிகள் அமிழ்ந்து பிடிப்பு போய்விடும். வரியின் முகட்டில் பூச்சு மெலிந்தும், வரியின் அடியில் தேங்கியும் நிற்கும் என்பதால் பிரஷைக் கம்பியின் குறுக்கே ஓட்டி, கடைசியாக நீளவாக்கில் ஒரு முறை இழுங்கள். கம்பியைத் தொங்கவிட்டோ கூரான முட்டுகளின்மேல் வைத்தோ பூசி, முட்டுப்பட்ட இடங்களைப் பின்னர் தனியே தொட்டு மூட வேண்டும். வெட்டிய முனைகளை மறக்கவே கூடாது.

ஏழாம் படி: சரிபார்த்தல், கட்டுதல், வார்த்தல்

பூச்சு முழுதாக இறுகிய பின், வரிகளுக்கு இடையே காந்தத் தடிமன்மானியால் அளவு பாருங்கள். பிறகு 67.5 வோல்ட் ஈரப்பஞ்சுக் கருவியைக் கம்பியின்மேல் ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கும் இடத்தில் ஒலி எழுப்பும். அங்கெல்லாம் அதே பூச்சால் ஒட்டுப்போட வேண்டும். ஓரடி நீளத்தில் சேதம் 2 விழுக்காட்டுப் பரப்பைத் தாண்டினால் ஒட்டுப்போடாமல் அந்தக் கம்பியைத் திரும்பத் தூய்மையாக்கிப் பூசுவதே மேல்.

இவ்வளவு கவனம் எதற்கு என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் பாலங்கள் சான்று. 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் எபாக்சி பூசிய கம்பியோடு கட்டப்பட்ட அப்பாலங்களின் அடித்தூண்களில் 1986-இலேயே அரிப்பு வெளியே தெரிந்தது. வெப்பமும் உப்பும் ஈரமும் மிகுந்த அந்த இடத்தில், பூச்சு இரும்பிலிருந்து பிரிந்து, சேதமான இடங்களில் அரிப்பு குவிந்திருந்தது. பூச்சில் ஒரு சிறு கிழிசல் இருந்து, அதே கம்பி வேறிடத்தில் பூச்சற்ற கம்பியோடு மின்தொடர்பில் இருந்தால், பெரிய பரப்பின் மின்வினை முழுவதையும் அந்தச் சிறு கிழிசல் ஒன்றே சுமக்கும். பூசாத கம்பியைவிட வேகமாக அங்கே குழி விழும். ஆகவே ஒரே உறுப்பில் மேல்வரிசைக் கம்பிக்குப் பூச்சு, கீழ்வரிசைக்கு வேண்டாம் என்று சிக்கனம் பார்க்காதீர்கள். பூசினால் முழுவதும் பூசுங்கள். இல்லையெனில் அந்தப் பணத்தைக் கவருக்கும் கான்கிரீட் தரத்துக்கும் செலவிடுங்கள்.

பூசிய கம்பியைத் தரையில் இழுக்காமல் நைலான் பட்டையால் தூக்க வேண்டும். வெயிலில் விட்டால் புறஊதாக் கதிரால் எபாக்சி இனப் பூச்சுகள் நிறம் மங்கி நொறுங்கும். கார்டனால் பூச்சும் இதற்கு விலக்கல்ல. பூசிய சில வாரத்துக்குள் வார்த்துவிடுவது நல்லது, அதுவரை தார்ப்பாயால் மூடிவையுங்கள். கட்டுக்கம்பி பிளாஸ்டிக் உறையிட்டதாக இருக்கட்டும். சாதாரணக் கட்டுக்கம்பி முறுக்கும் இடத்தில் பூச்சைக் கிழிக்கும். கம்பிக் கூட்டின்மேல் நேரடியாக நடக்காமல் பலகை போட்டு நடக்கச் சொல்லுங்கள். வைப்ரேட்டர் ஊசிக்கு ரப்பர் முனை மாட்டுங்கள். கான்கிரீட் போடுவதற்குச் சற்று முன்பு, டார்ச் வெளிச்சத்தில் மூலை முடுக்குகளைப் பார்த்து, கையில் சிறு டப்பாவில் கலந்த பூச்சோடு கடைசியாக ஒரு சுற்று வாருங்கள். கம்பி கட்டுபவர்களையே இந்தச் சுற்றுக்கு அழைத்துச் சென்றால், எந்தக் கட்டு எங்கே உரசியது என்பதை அவர்கள்தான் சரியாகக் காட்டுவார்கள்.

வார்க்கும் நாளில் அதே கலவையில், அதே பூச்சுக் கம்பியை வைத்து ஆறு சிறு பீம்களையும், பூசாத கம்பியோடு ஆறு பீம்களையும் சேர்த்து வார்த்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் தேதியையும் பூச்சின் தொகுதி எண்ணையும் கல்லில் செதுக்குவதுபோல அழியாமல் பதித்து, கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே கடற்காற்று படும் பக்கம் வையுங்கள். இரண்டாம், ஐந்தாம், பத்தாம் ஆண்டுகளில் இரண்டிரண்டாக உடைத்துப் பார்த்துப் படமெடுத்து, கட்டட வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள்.